வாயைத் திறக்காத முதலாளி

"டாக்டர், நம்ம பம்பு கம்பெனி பங்கு விழுது" என்று நர்ஸம்மா எட்டிப் பார்த்துச் சொன்னபோது, பல் டாக்டரின் இரண்டு கைகளும் இன்னொருவர் வாய்க்குள் இருந்தன.

அதுவரை அவர் நல்ல உற்சாகத்தில்தான் இருந்தார். டிவி நிலையத்துக்குப் பின்தெருவில் சின்ன கிளினிக் அவருடையது. காலையில் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கொக்கி மாதிரி வேர் வளைந்து அடம்பிடித்த கடைவாய்ப் பல், உடையாமல் முழுசாக வந்துவிட்டது. அதைத் தட்டில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். யாருடையது என்று கேட்டால் மட்டும் முழிப்பார். மனுஷனுக்குப் பல்தான் ஞாபகம் இருக்கும், முகம் இருக்காது. கடைத்தெருவில் வணக்கம் வைக்கிறவர்கள் வாய்விட்டுச் சிரித்தால்தான் யாரென்று பிடிபடும்.

பங்குகள் மகளின் படிப்புக்காக வாங்கியவை. அவள் காலேஜ் போக இன்னும் சில வருஷம் இருந்தது. வாங்கும்போது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் அந்தக் கம்பெனி பம்பு மகள் பிறந்ததிலிருந்து மக்கர் பண்ணாமல் தண்ணீர் ஏற்றுகிறது. இதைவிட என்ன அத்தாட்சி என்று மனைவி கேட்டாள், வாங்கிப்போட்டார்.

கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்து டிவியைப் பார்த்தார். கம்பெனி முதலாளியின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. எதைக் கேட்டாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். மீறி ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தை குழறியது. ஆர்டர் குவிகிறது, கடன் இல்லை என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. அதை யார் படிக்கிறார்கள்! முதலாளிக்குக் கண் கலங்குகிறது என்று கண்டுபிடித்தார் ஒரு நிபுணர். உள்ளே ஏதோ பெரிய ஓட்டை என்றார் இன்னொருவர். விலை சரிந்தது.

நர்ஸம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் என்று கையைக் காட்டிவிட்டு, டாக்டர் போனோடு உள்ளே போனார்.

முதலில் கால்வாசியை விற்றார். விலை இன்னும் இறங்கியது. நல்லவேளை, விற்றோம் என்ற தெம்பில் மிச்சத்தில் பாதியைத் தள்ளினார். மறுபடியும் இறங்கியது. மச்சானைக் கூப்பிட்டார். கம்பெனி என்ன செய்கிறது என்றுகூடக் கேட்காமல், தன்னிடம் இருந்திருந்தால் நேற்றே விற்றிருப்பேன் என்றார் மச்சான். நாற்காலியில் கிடந்த நோயாளி வாய்நிறையப் பஞ்சோடு கையைக் கையை ஆட்டினார். அவரை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு மிச்சத்தையும் விற்றார்.

டாக்டர் கருவியைக் கையில் எடுத்ததும் நோயாளி பஞ்சைத் துப்பினார்.

"டாக்டர், வலி இந்தப் பக்கம்."

மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கேட்டாள்.

"காலையில நம்ம பம்பு ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"அப்புறம் எதுக்குங்க வித்தீங்க?"

மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தபடி போனை வைத்தார்.

சந்தை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் விலை விறுவிறுவென்று ஏறி, காலையில் இருந்ததையும் தாண்டிப் போனது. முதலாளி மறுபடி வந்து கணீரென்று பேசினாராம். நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள் அதே நிபுணர்கள்.

டாக்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"காலையிலயே அந்த ஆளு வாயைத் திறந்து ஒழுங்கா பேசித் தொலைச்சிருந்தா நான் வித்திருப்பேனா? நேர்ல பார்த்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்."

தட்டைக் கழுவ எடுத்துப் போன நர்ஸம்மா, அந்தக் கொக்கிப் பல்லோடு திரும்பி வந்தார்.

"தையல் பிரிக்க வருவாரு, கேளுங்க டாக்டர். பேட்டி இருக்கு, கொஞ்சம்கூட வலி தெரியக் கூடாதுன்னு அவர் கெஞ்சினப்போ, மரத்துப்போற ஊசியை ரெண்டு பங்கா போட்டு அனுப்பினது நீங்கதானே."