வெண்கூரை நாட்டில் வீடில்லாதோர் கணக்கு

வெண்கூரை நாட்டில் வீடில்லாத பெண் ஒருத்திகூடக் கிடையாது. இதை அரண்மனை வாசலில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் எண்ணிக்கை அதிகாரிகள் நாட்டின் ஒவ்வொரு கதவையும் தட்டி, "இந்த வீட்டில் வீடில்லாத பெண் யாராவது வசிக்கிறாரா?" என்று கேட்பார்கள். இல்லை என்பார்கள் வீட்டுக்காரர்கள். அதிகாரிகள் பூஜ்யம் போட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவார்கள். ஒரு கதவைக்கூட விட்டதில்லை, அவ்வளவு நாணயமான கணக்கு.

அந்தக் கணக்குக்கு வெளியே, காய்கறிச் சந்தையின் ஏழாவது தூணடியில் இருந்தாள் பவுனம்மா. புருஷன் இரண்டாம் முறை கையை முறித்த அன்று கட்டின புடவையோடு கிளம்பி வந்தவள். பகலில் வெங்காயம் தரம் பிரிப்பாள். இரவில் அவளுக்குப் பாதித் தூக்கம்தான். எட்டாவது தூணடிச் சூடாமணி தூங்கும்போது இவள் விழித்திருக்க வேண்டும், இவள் தூங்கும்போது அவள். ஏன் என்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. உள்ளேயிருந்து தாழ் போட ஒரு கதவு, இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் தூங்க ஓர் இரவு. பவுனம்மா கேட்டது அவ்வளவுதான்.

ஒரு நாள் கத்தரிக்காய் வாங்க வந்த அயல்நாட்டுத் தூதர், படுத்திருந்த பவுனம்மாவின் காலை மிதித்துவிட்டார். விஷயம் மன்னர் காதுக்கு எட்டியது. மன்னர் கண்கலங்கினார். அந்தக் காட்சியை ஓவியர்கள் இரண்டு கோணங்களில் வரைந்தார்கள். மறுவருஷமே சந்தைக்கு எதிரில் 'தாய்மடி மாளிகை' எழுந்தது. நூறு அறை, நூறு கட்டில், கட்டிலுக்கொரு இலவம்பஞ்சு மெத்தை.

பவுனம்மா ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றாள். எண்ணிக்கை அதிகாரி அறவேந்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வீடில்லை என்பதற்கு அத்தாட்சி?"

"நான்தாங்க அத்தாட்சி. அந்தா தெரியுதே தூணு, அங்கதான் படுக்கிறேன்."

"தூணுக்குக் கதவு உண்டா? கதவில்லாத இடத்தைத் தட்டிப் பார்க்கச் சட்டத்தில் வழியில்லை. நீ கடைசியாக வாழ்ந்த வீட்டின் தலைவர் எழுதித் தர வேண்டும்."

"அய்யய்யோ, கைய ஒடிச்ச ஆளுகிட்டயே போயி நிக்கச் சொல்றீங்களா?"

"அவரைவிட நெருங்கிய சாட்சி வேறு யார்? கவலை வேண்டாம், அரசே எழுதிக் கேட்கும்."

அரசு எழுதியது. 'என் வீட்டுக் கதவு அவளுக்கு என்றும் திறந்தே இருக்கிறது' என்று புருஷனிடமிருந்து பதில் வந்தது. அறவேந்தர் மனம் நெகிழ்ந்து அதை இரண்டு முறை வாசித்தார். "அம்மா, உனக்கு வீடு இருக்கிறது! வாழ்த்துகள்!"

இப்படியே இடம் கேட்டு வந்த அத்தனை பெண்களுக்கும் வீடு இருப்பது தெரியவந்தது. உடனே அடுத்த ஆணை பிறந்தது. வீடிருந்தும் வெளியே படுப்பது நாட்டுக்கு இழுக்கு. அப்படிப்பட்டவர்களைக் காவலர்கள் பத்திரமாக அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

முதலில் சூடாமணி சிக்கினாள். எந்த வீட்டிலிருந்து தப்பி வந்தாளோ அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, 'மீட்கப்பட்டவர்: ஒருவர்' என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பவுனம்மா வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். விழித்திருக்க ஆள் இல்லாததால் கண்ணை மூடவே பயந்தாள். பகலில் உட்கார்ந்தபடியே தூக்கத்தில் சாமியாடுவாள், கையிலிருக்கும் வெங்காயம் உருண்டு போகும்.

அதன்பின் மாளிகைப் பக்கம் ஒருத்திகூட வரவில்லை. தேவை அடியோடு ஒழிந்ததற்கு இதுவே சான்று என்று மன்னருக்கு விழா எடுத்தார்கள்.

ஐந்தாண்டுக்கு ஒரு முறை மன்னரைக் குடிகளே தேர்ந்தெடுப்பது அந்நாட்டு வழக்கம். அந்தத் தேர்தல் வந்தது. அறவேந்தர் சந்தைக்குள் நுழைந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை, நேராக வெங்காய மூட்டைகளிடம் வந்து கைகூப்பினார்.

"பவுனம்மா அவர்களே, வணக்கம்! தாங்கள் தவறாமல் வாக்களிக்க வேண்டும்."

கையிலிருந்த பட்டியலில் எழுதியிருந்தது: 'பவுனம்மா, காய்கறிச் சந்தை, ஏழாம் தூணடி, மூட்டைகளுக்குப் பின்புறம்.'

பவுனம்மா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். "நான் இங்க இருக்கிறது ஒங்களுக்குத் தெரியுமா? அப்ப இதையே அந்த மாளிகைக்கு எழுதிக் குடுங்களேன், சாமி."

"அது வேறு துறை, அம்மணி. அங்கே கதவு வேண்டும். இங்கே விரல் போதும்."

"பக்கத்துத் தூணுல சூடாமணின்னு ஒருத்தி இருந்தா. அவ பேரும் இருக்குதா?"

"இருக்கிறதே. எங்கே அவர்?"

"அத நான்ல கேக்கணும்" என்று பவுனம்மா கத்தியே விட்டாள். அறவேந்தர் குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

அவள் போய் வாக்குப் போட்டாள். யாருக்கு என்பது அவளுக்கே தெரியும். எண்ணுவதற்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரை வாக்குப் பெட்டிகள் வெயிலிலும் பனியிலும் கிடக்கலாமா? குடிகளின் வாக்கு புனிதமானது, கண்ட இடத்தில் வைப்பது பாவம் என்று மன்னர் ஆணையிட்டார். தாய்மடி மாளிகை முதன்முதலாகத் திறந்தது. மெத்தைக்கொரு பெட்டியாகப் பூப்போல இறக்கி வைத்தார்கள். கதவுக்கு இரண்டு காவலர், ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க.

பொழுது சாயும் நேரத்தில் பவுனம்மா தெருவைத் தாண்டிப் போய்ச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். காவலன் அதட்டினான்.

"ஏம்மா, என்ன வேணும்?"

"நான் போட்ட சீட்டும் உள்ளதான இருக்கு?"

"ஆமா. அதுக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க காவல் இருக்கோம்ல. நீ வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்கு."