சுவர் கசியாத மென்பொருள்

ஒரு காட்டில், புலி உறுமினாலும் காதில் விழாத முயல் ஒன்று இருந்தது. பெண்டாட்டி உதைத்து உதைத்து எழுப்பியதால்தான் அது இத்தனை காலம் உயிரோடு இருந்தது.

இதைக் கேள்விப்பட்ட சிங்கராஜா மனமிரங்கி, "முயலுக்குக் காதுக்கருவி செய்யுங்கள். அதிலுள்ள சிப், பக்கத்துக் காட்டு சிப்பைவிட மெல்லியதாக இருக்க வேண்டும்" என்று ஆணையிட்டது. இரக்கம் முதல் வாக்கியத்தோடு முடிந்துவிட்டது.

வேலை காட்டின் சிப் ஆய்வகத்துக்கு வந்தது. அதன் இயக்குநர் நரியார். சிப்பைச் செய்வதற்கு முன், அதற்குள் எலக்ட்ரான்கள் எப்படி ஓடும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு மென்பொருள் இருந்தது. எழுதியது கீரி. கணினி முக்கி முனகி, மழைக்காலம் முடிந்தபின் பதில் சொன்னது. கீரி நரியாரிடம் ஓடியது.

"ஐயா, சிப்புக்குள்ள சுவர் ரொம்ப மெல்லிசு. கரண்ட் கசியுது."

"கதவைச் சாத்தலையா?"

"சாத்தினாலும் நிக்காதுங்க ஐயா. சுவர் இவ்வளவு மெல்லிசா இருந்தா, எலக்ட்ரான் அப்படியே ஊடுருவி அந்தப் பக்கம் போயிடும். குவாண்டம் விதி. சூடேறி முயல் காது வெந்துடும்."

"இந்த விதியை யாரு போட்டது? ராஜாவா?"

"இல்லைங்க. இயற்கை."

"அப்போ ராஜாவுக்குத் தெரியாம நடக்குது. உன் மென்பொருள்ல அந்த விதியை நிறுத்த முடியுமா?"

"முடியும். ஆனா அப்படி நிறுத்துற வசதி பழைய தடிச்ச சிப்புக்காக வச்சது..."

"நிறுத்தும்மா."

கீரியின் வேலை தற்காலிகம். வளையில் குட்டிகள் வேறு. விதியை நிறுத்தி ஓட்டியது. டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. கசிவு பூஜ்யம். நரியார் அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

விழா மேடையில் சிங்கராஜா தன் கையால் முயலின் ஒரு காதில் கருவியை மாட்டியது.

"ஏங்க, கேக்குதா?" என்றது பெண்முயல்.

"கேக்குதுடி! உன் குரல் இவ்வளவு நல்லாவா இருக்கும்?" என்று முயல் அழுதது.

அழுதுகொண்டிருக்கும்போதே காதிலிருந்து புகை வந்தது. முயல் குளத்தில் குதித்தது. மேலே வந்தபோது பாதிக் காதுதான் இருந்தது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் நரியார். "இப்போ முழு விதியோட ஓட்டு" என்றார். கீரி பழைய கணக்கையே எடுத்து நீட்டியது. எந்த இடம் சூடேறும் என்று அது காட்டியதோ, அச்சாக அதே இடத்தில்தான் காது வெந்திருந்தது.

குழு சிலிர்த்துப் போனது. "நம் மென்பொருள் அப்படியே பலித்திருக்கிறது!" நரியாருக்கு 'குவாண்டம் குலதிலகம்' பட்டம் கிடைத்தது. கீரியின் வேலை நிரந்தரமானது. அன்று முதல் கீரி முயல் இருக்கும் பக்கம் போவதில்லை.

முயலுக்கும் ஒரு பொன்னாடை உண்டு. போர்த்தும்போது நரியார் பெண்முயலிடம் குனிந்து, "ஒரு காதை வச்சு முடிவு சொன்னா அறிவியல் ஒத்துக்காதும்மா. இன்னொன்னு இருக்கே?" என்றார்.

பெண்முயல் புருஷனைப் பொன்னாடையோடு இழுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு ஓடியது.

'சோதனை முயல் ஒத்துழைக்கவில்லை' என்று குழு எழுதி வைத்தது.

நீதி: உண்மையை விபத்துக்கு முன்னால் சொன்னால் முட்டுக்கட்டை, பின்னால் சொன்னால் ஆராய்ச்சி.