கையைத் தூக்கினால் பால் வளரும்

நாம் யோசித்து முடிப்பதற்குள் நம் கை வேலையை முடித்துவிடும். எனக்குக் கிடைக்கவிருந்த முதல் வேலையைக் கெடுத்ததும் என் வலது கைதான்.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சிங்கப்பூர் தேக்காவில் டீக்கடை. பள்ளி விட்டால் நான் அங்கேதான் நிற்பேன். பிறகு பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சி முடித்து (அது ஒரு படிப்பென்று வீட்டில் யாரும் நம்பவில்லை), பிடோக்கில் ஒரு பள்ளிக்கு மாதிரிப் பாடம் நடத்தப் போனேன். தலைமையாசிரியைக்குப் பிடித்தால் வேலை. இல்லாவிட்டால் மறுபடி கடை. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

சின்னப் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதில் அப்போது எனக்குப் பைத்தியம். இரண்டு குட்டைத் தம்ளரில் ஒரே அளவு பானம் வைத்து, ஒன்றை மட்டும் ஒல்லியான உயரத் தம்ளருக்கு மாற்றினால், ஐந்து வயதுக்காரர்கள் அதில்தான் நிறைய இருக்கிறது என்பார்கள். உயரத்தை மட்டும் பார்க்கிற வயது. கவர்ச்சியாக இருக்கட்டுமென்று பாண்டுங், அதாவது ரோஸ் பால், கலந்து கொண்டுபோனேன்.

ஊற்றினேன். எப்படி? கடையில் தே தாரிக் (நுரை பொங்க உயரத்திலிருந்து ஆற்றும் டீ) இழுப்பதுபோல் கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரே இழுப்பு. ரோஸ் நிற நுரை தம்ளரின் வாய்வரை வந்து நின்றது.

"எதுல நிறைய இருக்கு?"

"அதுல," என்றாள் முன்வரிசைச் சிறுமி, உயரத் தம்ளரைக் காட்டி.

ஓரமாக உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை மேடத்தைப் பெருமையாகப் பார்த்தேன். "உயரமா இருக்கறதாலயாம்மா?"

"இல்ல சார். நீங்க கையத் தூக்குனீங்கல்ல, அதான் வளந்துருச்சு."

அசந்துபோனேன். தம்ளரின் உயரம் அவளுக்குப் பொருட்டே இல்லை. டீக்கடைகளில் பார்த்ததை வைத்து அவளாகவே ஒரு விதி போட்டு வைத்திருக்கிறாள், அதை நானே நிரூபித்தும் காட்டிவிட்டேன். அந்த விதி எதுவரை போகும்? ஆசை யாரை விட்டது.

"தண்ணியும் வளருமா?" என்றேன்.

"பாத்துடலாம் லா," என்று தன் பாட்டிலைத் திறந்தாள்.

அடுத்த நிமிடம் வகுப்பே எழுந்து நின்று பாட்டில்களைத் தலைக்கு மேல் தூக்கியது. பாதித் தண்ணீர் தரையில், மீதி மேடத்தின் மேல்.

"கூப்பிடுறோம்," என்றார் மேடம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. இன்னும் கூப்பிடவில்லை.

அழுகையை அடக்கிக்கொண்டு கடைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு உயரத்துலேந்து இழுத்தே?" என்றார் அத்தா.

"கை எட்டுன வரைக்கும்."

"சிந்துச்சா?"

"நான் சிந்தல. பிள்ளைங்கதான்."

"அப்புறம் எதுக்கு உன்ன வேணாங்கறாங்க?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பிறகு வேறு பள்ளியில் வேலை கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதில் தோற்று வந்தாலும் முதல் கேள்வி "சிந்துச்சா?" என்பதுதான். போன மாதம் என் மகள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்தாள். நாங்கள் வாயைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளே சொன்னாள்: "சிந்தல."