பேர்க்கடை அண்ணாச்சி

சிட்னியில் எழுபதுகளில் பிறந்து, தன் பேரை முழுசாக எழுதினால் கை வலிக்கிற தமிழர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால், அந்தக் கைவலிக்குப் பொறுப்பு ஒரே ஒரு ஆள்தான். பேர்க்கடை அண்ணாச்சி. சிட்னியில் நாங்கள் இருந்த ஸ்ட்ராத்ஃபீல்டு பேட்டையில் அவரைக் கேட்காமல் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் பேர் வைத்ததில்லை. வைத்த குடும்பத்தோடு அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

நான் அப்போது மதுரையிலிருந்து புதிதாக வந்து, ஒரு கட்டிடக் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல் தெரியக் கட்டிய ஒரு பழைய ஃப்ளாட்டின் கீழ்வீட்டில் அண்ணாச்சியும் நானும் வாடகையைப் பங்கு போட்டு இருந்தோம். கோவில்பட்டிக்காரர். கப்பலில் சமையல்காரராக வந்து இறங்கியவர் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் வைத்த ரசத்தைக் குடித்தவர்கள் அதை நம்பியதில்லை. வேலை டயர் தொழிற்சாலையில். ஆனால் அவர் தொழில் என்று நினைத்தது பிள்ளைகளுக்குப் பேர் வைப்பதைத்தான்.

ஊரில் தமிழர்கள் கொஞ்சம் பேர். ஜோசியர் கிடையாது, ஐயர் கிடையாது, நல்லது கெட்டது சொல்லப் பெரியவர்களும் கிடையாது. ஒரு பெண்ணுக்கு மசக்கை என்று தெரிந்தால் போதும், அண்ணாச்சி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அந்த வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் சரக்கு எல்லாமே ராஜ பரம்பரை. ராஜகம்பீரப் பாண்டியன், இமயவரம்பன், உலகமுழுதுடையாள். நம்ப மாட்டீர்கள், கடைசிப் பேரை ஒரு பல் டாக்டரின் பெண்ணுக்கு நிஜமாகவே வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேர் வருகிறபோது டீச்சர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவாராம். பிள்ளை தினமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. வருகைப் பதிவின்படி பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை.

“கொஞ்சம் சின்னதா வச்சா என்ன அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“பேருங்கது வேட்டி மாதிரிடே. பெருசா எடுத்தா மடிச்சுக் கெட்டிக்கிடலாம். சின்னதா எடுத்தா என்ன செய்வ?”

ஒரு திருச்சிக்காரர் ஆசையாகத் தன் மகனுக்கு ‘சிட்னி’ என்றே வைக்கலாமா என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சிக்கு மூக்கு சிவந்துவிட்டது. “பொறந்த ஊரையெல்லாம் பேரா வைக்கதுன்னா எங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் கோவில்பட்டி. தபால்காரன் தூக்குப் போட்டுக்கிடுவான்!” திருச்சிக்காரர் அன்றே ராஜகம்பீரத்துக்கு மாறிவிட்டார்.

பேரை முடிவு செய்வதற்கு முன்னால் அவர் ஒரு பரீட்சை வைப்பார். பேர் என்பது எழுதுவதற்கு இல்லை, சோற்றுக்குக் கூப்பிடுவதற்கு என்பது அவர் கட்சி. ஆகவே சாயங்காலம் கொல்லைப்புறத்தில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று, தெருக்கோடியில் விளையாடும் பிள்ளையைத் தாய் கூப்பிடுவதுபோல, “இமயவரம்பா! சாப்பிட வா!” என்று ஏழெட்டுத் தடவை குரல் கொடுத்துப் பார்ப்பார். இன்னொரு நாள் இன்னொரு பேர். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்திரேலியக் கிழவர் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, உங்கள் நண்பருக்கு மொத்தம் எத்தனை நாய்கள் காணாமல் போயிருக்கின்றன, நானும் வந்து தேடட்டுமா என்று மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார். விளக்கப் பயந்து, பரவாயில்லை, தானாக வந்துவிடும் என்று சொல்லிவைத்தேன்.

இத்தனை பேருக்குப் பேர் வைத்தவரின் சொந்தப் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் வெள்ளைக்கார மேஸ்திரிகூட அவரை ‘மிஸ்டர் அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டார். கேட்டால், “மிட்டாய்க்கடைக்காரன் மிட்டாயா திங்கான்? போடே” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

எங்களுக்கு நேர் மேல்வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர்கள், குணரத்தினமும் சிவகாமியும். குணரத்தினம் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் விஞ்ஞானி; நிரூபித்துக் காட்டாத எதையும் நம்ப மாட்டார். அவர்களுக்கு முதல் பிள்ளை ஊரிலேயே தவறிப்போனது. இரண்டாவது இங்கே பிறந்து ஒரே நாள் இருந்தது. மேலே சொன்னேனே இமயவரம்பன், அது அந்தப் பிள்ளைக்காக அண்ணாச்சி கொல்லையில் நின்று கூப்பிட்டுப் பார்த்த பேர்தான். அதற்குப் பிறகு பல மாதம் அண்ணாச்சி கொல்லைப்பக்கம் போகவில்லை. மசக்கைச் செய்தி வந்தாலும் வாழைப்பழம் வாங்கவில்லை.

மூன்றாவது பிள்ளை மாதம் முடியுமுன் பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. உள்ளங்கை அகலந்தான் இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். டாக்டர்கள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. குணரத்தினம் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்து வாசலிலேயே நின்றார்.

“அண்ணை, அவ உங்களைப் பேரோட வரச்சொல்லுறா. பேரில்லாமல் பிள்ளை போயிடக்கூடாதெண்டு அழுகிறா.”

குணரத்தினம் போன பிறகு அண்ணாச்சி என்னைப் பார்த்து, “இந்த ஊர்ல தவுடு எங்கடே கெடைக்கும்?” என்றார்.

எனக்குச் சந்தேகமே இல்லை, ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது. மாடு இருந்தால்தானே தவிடு? கடைசியில் பலசரக்குக் கடையில் வெள்ளைக்காரர்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தவிடு, அட்டைப்பெட்டியில் கிடைத்தது. ரயிலில் ஏறி உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தால் உள்ளே உலர்ந்த திராட்சை. “கலப்படம் பண்ணிருக்கான் பாரு” என்று வைதுகொண்டே, இறங்குகிற வரையில் ஒவ்வொரு திராட்சையாகப் பொறுக்கி என் கையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் அறைக்குள் யாரையும் விடவில்லை. வெளியே கண்ணாடிக்கு முன்னால், சக்கர நாற்காலியில் சிவகாமி உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி நேராகப் போய் அவள் எதிரே நின்றார்.

“தாயி, இந்தப் பிள்ளைய எனக்கு வித்திருதியா? தவுடு கொண்டாந்திருக்கேன்.”

சிவகாமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்தடுத்துப் பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைத் தவிட்டுக்கு விற்று, பெற்றவள் மறுபடி வேற்றாள் பிள்ளையாக வாங்கி வளர்ப்பது நம் பக்கத்திலும் உண்டு, அவர்கள் பக்கத்திலும் உண்டு. வேண்டாத பொருள் என்று எமன் தொடாமல் விட்டுவிடுவானாம்.

அதற்குள் மார்பில் கடிகாரம் குத்திய நர்ஸ் ஒருத்தி வந்து, என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டாள். எனக்கு அப்போதைய இங்கிலீஷில் சுற்றி வளைக்கத் தெரியாது. இவர் அந்தக் குழந்தையை விலைக்கு வாங்குகிறார் என்றேன். என்ன விலைக்கு என்றாள். பெட்டியைக் காட்டினேன். அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்த் தனக்கு மேலே ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

குணரத்தினத்துக்கு முகம் சுண்டிப்போனது. “என்ன அண்ணை இது? படிச்ச சனம் இருக்கிற இடம். பேர் கேட்டா தவிட்டோட வாறியள்!”

“பேரும் கொண்டாந்திருக்கேன் தம்பி. எனக்கு முன்னால எங்கம்மா பெத்த மூணுக்கும் ராசா பேரு. ஒண்ணும் தங்கல. என்னைய அடுத்த வீட்டுக்காரிக்குத் தவுட்டுக்கு வித்து, தவிட்டான்னு பேரு வச்சாங்க. எம்பேரு தவிட்டான். பள்ளியோடத்துல இந்தப் பேரச் சொல்லி அடிக்காத பய கெடையாது. கப்பலேறினதும் மொதக் காரியமா அதத்தான் கடல்ல போட்டேன். ஆனா அம்பது வருசமா எமன் எட்டிப் பாக்கல. கேவலமான பேருதான். நல்லா ஒழைக்கும்.”

சிவகாமி இரண்டு கையையும் நீட்டிப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “வித்திட்டன் அண்ணை” என்றாள். அண்ணாச்சி கண்ணாடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, “சரி, இந்தா, எம்புள்ளைய வளத்துக் குடு” என்றார். மேலதிகாரி நர்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்று, சத்தம் மட்டும் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். டாக்டர்கள் கண்ணாடிப் பெட்டியும் பிராணவாயுவும் என்றார்கள், அண்ணாச்சி தவிடு என்றார். நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. நிரூபிக்காததை நம்பாத குணரத்தினம், கூடவே ஒரு நல்ல பேரும் பதிந்துவைக்கலாமா என்று தயங்கிக் கேட்டார். “அது எமனுக்கு நாமளே விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி” என்றார் அண்ணாச்சி. விஞ்ஞானி மறுபேச்சில்லாமல் தவிட்டான் என்றே பதிந்தார். வந்த தவிட்டை வீணாக்குவானேன் என்று, தினம் காலையில் பாலில் ஊறவைத்து அவரே தின்று தீர்த்தார். பெற்ற பிள்ளையை விற்றுத் தின்ற தகப்பன் என்று எங்கள் வட்டத்தில் அவருக்குக் கெட்ட பேர் வந்தது.

பையன் நடந்து, கொல்லையில் இறங்கி மண்ணில் புரளுகிற வயது வந்தது. ஒரு சாயங்காலம் அண்ணாச்சி கொடியில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். மேலே சமையலறை ஜன்னலைத் திறந்து சிவகாமி குரல் கொடுத்தாள்.

“தவிட்டா! சாப்பிட வா!”

அண்ணாச்சி கையில் ஈரச் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். பையன் படியேறிப் போன பிறகும் நின்றார். நான் அருகே போனதும், “எங்கம்மா போனப்பொறவு அந்தப் பேரச் சொல்லி ஒருத்தரும் என்னையச் சோத்துக்குக் கூப்பிடலடே” என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் வருகிற நேரத்துக்கு அவர் கொடிப்பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். காயப்போடத் துணி இல்லாத நாளில் காய்ந்த துணியையே எடுத்து மறுபடி போடுவார். ஒருநாள் சிவகாமி வழக்கம்போலக் கூப்பிட்டுவிட்டு, ஜன்னலை மூடாமல் கீழே பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ரெண்டு பேரையும்தான் கூப்பிடுறன் அண்ணை. சோறு ஆறுது.”

அண்ணாச்சி குழாயில் கை கழுவினார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரினார். பையனின் விரலைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்துக்கு நான் ஒருவன்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக் கிழவர் எழுந்து நின்று, உங்கள் நண்பர் இத்தனை காலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாரே, அந்த நாய் கடைசியில் வீடு வந்து சேர்ந்ததா என்று கேட்டார்.

மேலே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. வந்து சேர்ந்துவிட்டது என்றேன்.