ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ரஷ்யா ஜெயித்த விவரம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூஜெர்சி
தை மாதம், வாசலில் முழங்கால் அளவு பனி

சிரஞ்சீவி சந்தானத்துக்கு, உன் அத்திம்பேர் பத்மநாபன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா விசாலாக்ஷியும், பெண் யாமினியும் சௌக்கியம். அங்கே வடலூரில் நீயும் மரகதமும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்குப் போய் வாராவாரம் மோட்டாரைப் போட்டுப் பார்க்கிறாயே, அதற்கு முதல் நன்றி. வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். என் போன் இப்போது யாமினியின் கைப்பையில் சிறை இருக்கிறது. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் அக்கா குளியலறையில் விழுந்ததிலிருந்து யாமினிக்குத் தூக்கம் போயிற்று என்பது உனக்குத் தெரியும். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்கிற கதையே இனி வேண்டாம், இரண்டு பேரும் என்னோடேயே இருங்கள் என்று எங்களுக்குக் கிரீன் கார்டு அப்ளை பண்ணினாள். அதற்கான இன்டர்வியூ பொங்கலுக்கு அடுத்த வாரம். அது தேறாவிட்டால் இந்த வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஆளில்லாத வீட்டில் போய் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்துத் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள், பொங்கல் பட்டிமன்றத்துக்கு நீங்கள்தான் நடுவர் என்று வந்து நின்றார்கள். எண்பது வயதுக்காரனை இந்த ஊரில் யார் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்? எனக்கு மறுக்க வாய் வரவில்லை. போன வருஷம் 'வீட்டில் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா' என்று வைத்ததில் இரண்டு வீடுகளில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லையாம். அதனால் இந்தத் தடவை யார் மனசும் நோகாத தலைப்பாகப் பார்த்து, 'அந்நாளில் நம் நாட்டுக்குப் பெரிதும் உதவியது அமெரிக்காவா, சோவியத் ரஷ்யாவா' என்று வைத்துவிட்டார்கள்.

யாமினி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த இன்டர்வியூவில், நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்று ஒரு கேள்வி உண்டாம். ரஷ்யாவும் அமெரிக்காவும் முறைத்துக்கொண்டிருந்த காலத்துக் கேள்வி, அந்த ரஷ்யாவே போய்விட்டது, கேள்வி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. "அப்பா, தீர்ப்பு அமெரிக்கா. ரெண்டு நிமிஷம் பேசிட்டு உட்காந்துடணும்," என்றாள். சரி என்றேன். வாதம் தொடங்குமுன் தீர்ப்பை முடிவு செய்த முதல் நடுவர் நானாகவா இருக்கப் போகிறேன்?

விழா ஒரு பள்ளிக்கூடத்துக் கேஃபடேரியாவில் நடந்தது. அமெரிக்கா அணிக்குக் கோயமுத்தூர் நஞ்சப்பன், கோட்டு சூட்டோடு. பள்ளிக்கூடத்தில் பால் பவுடர் கரைத்து ஊற்றியது யார், பஞ்சத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை அனுப்பியது யார், இன்றைக்கு நாம் எல்லோரும் தின்பது யார் உப்பு என்று வெளுத்துக் கட்டினார். ரஷ்யா அணிக்கு சேக் தாவூத், மருந்துக் கம்பெனியில் விஞ்ஞானி. ஒரு தோசை விலைக்கு ரஷ்யாக்காரன் ரசாயனப் புத்தகம் விற்றானாம், திருச்சியில் அவருடைய வாப்பா தோசையை விட்டுவிட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தாராம், அதனால்தான் இங்கே நிற்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு நஞ்சப்பன் பக்கம் திரும்பி, "கோதுமை வந்துச்சு, சரி. அதை அரைக்கிற மில்லுக்குக் கரண்ட் எங்கேருந்து வந்துச்சு? நெய்வேலிலேருந்து. நெய்வேலில அனல் மின் நிலையம் கட்ட வந்தது யாரு?" என்றார். சந்தானம், முப்பத்தைந்து வருஷம் அங்கே வேலை பார்த்த என் காதில் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்?

நான் எழுந்தது என்னவோ அமெரிக்காவுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பால் பவுடரைக் கட்டி கட்டியாகக் குடித்து வளர்ந்தவன் நான், என் எலும்பெல்லாம் அமெரிக்கா என்று மனசாரச் சொன்னேன். இவன் கோதுமை கொடுத்தால் அவன் இரும்பாலை கொடுக்கிறான், இரண்டு பேருக்கும் நடுவில் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டோமே என்றேன். சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாம்பார் கரண்டியோடு ஓரத்தில் நின்ற யாமினியைப் பார்த்துவிட்டேன். உடனே ஐப்பசி மழையும் நம்ம வசீலியும் ஞாபகம் வந்துவிட்டது. வசீலி என்றால் உனக்குத் தெரியாது, 'வாசு சார்' என்றால் தெரியும், வெயிலில் தக்காளியாகச் சிவந்து நிற்பாரே, அந்த ரஷ்ய என்ஜினியர். அக்காவுக்கு வலி எடுத்தபோது நாங்கள் வடலூரில் குடக்கூலிக்கு இருந்தோம், பஸ் இல்லை, ரோடு முழுக்கத் தண்ணீர். செய்தி கேட்டு அந்த மனுஷன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை, குழந்தையும் இல்லை என்றாள் டாக்டரம்மா. "ரஷ்யாக்காரன், ரஷ்யா ஜீப். அதோ நிக்கறாளே, அந்தக் குழந்தை. என் தீர்ப்பு ரஷ்யாவுக்கே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தோற்ற நஞ்சப்பன்தான் முதலில் எழுந்து கை தட்டினார், அவருக்கும் என் நன்றி.

யாமினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்ப்பா இதை எங்கிட்ட சொன்னதே இல்ல?" என்று அழுதாள். அந்த அழுகை கார் வரைக்கும்தான். காரில் ஏறியதும் வீடியோ ஞாபகம் வந்துவிட்டது. சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டு, அப்பா பேசியது யூடியூபில் வேண்டாம் என்று மன்றாடினாள். அவர் பரம உபகாரி, பேச்சு நீளம் என்பதால் சங்கடப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, பால் பவுடரையும் ஜீப்பையும் வெட்டிவிட்டு, "என் தீர்ப்பு ரஷ்யாவுக்கே" என்று நான் கை ஓங்குவதை மட்டும் போட்டுவிட்டார். மறுநாளைக்குள் அது டெக்சாஸ் வரை போய்விட்டது. நான் அதற்கு லைக் வேறு போட்டிருந்தேன், அதனால்தான் போன் பறிமுதல்.

இன்டர்வியூ அன்று, யெஸ் அல்லது நோ, மூன்றாவது வார்த்தை கூடாது என்று உத்தரவு. அதிகாரி ஒரு அம்மாள், மரியாதையாகப் பேசினாள். அந்தக் கேள்வி வந்தது. நோ என்றேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதற்குள் உன் அக்கா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஹீ ஒன்லி கேவ் ஜட்ஜ்மென்ட்" என்றாள். யாமினியின் முகம் வெளியே கிடக்கும் பனி மாதிரி ஆகிவிட்டது. என்ன ஜட்ஜ்மென்ட் என்று அந்த அம்மாள் கேட்க, மறைத்துப் பேச எனக்கு வராது, பால் பவுடரிலிருந்து ஜீப் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்றாள். இதோ, உங்களிடம் எங்களுக்காக மனுப் போட்டவள் என்று காட்டினேன். அவள் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை யாமினி பக்கம் நகர்த்தினாள். நேற்று அப்ரூவ் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. இனி நாங்கள் இங்கேதான், எங்கள் குழந்தையோடு.

ஆகையால் சந்தானம், மனசு நிறைந்து எழுதுகிறேன். வாசு சாருக்கு நன்றி, அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பால் பவுடருக்கு நன்றி. அந்த அதிகாரி அம்மாளுக்கு நன்றி. இந்த இரண்டு ராட்சசர்களும் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டதில் எங்கள் ஒரு வீடாவது வாழ்ந்தது. உனக்கும் மரகதத்துக்கும் எல்லா நலமும் பெருகட்டும், மோட்டாரைத் தொடர்ந்து போட்டுப் பார்க்கவும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
பத்மநாபன்

பி.கு.: உறையில் போடுமுன் இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஜீப் ரஷ்யாவோடதுன்னு யார் சொன்னா?" என்றாள். வலி தாங்காமல் அவள் ஜீப்பில் பிடித்துக்கொண்டு வந்த கம்பிக்குப் பக்கத்துத் தகட்டில், அமெரிக்காவில் செய்தது என்று இங்கிலீஷில் பொறித்திருந்ததாம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை அதைப் படித்தாளாம். ஆக ஓட்டினவன் ரஷ்யா, ஓடினது அமெரிக்கா, தீர்ப்பு செல்லாது. நஞ்சப்பனிடம் சொல்ல வேண்டும் என்று நான் போனைக் கேட்டதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓட்டினவனுக்கு நன்றி, பால் பவுடருக்குக்கூட நன்றி. பெத்தவ ஒருத்தி இங்கயே உக்காந்திருக்காளே, அவளுக்கு மேடையிலயும் ஒண்ணும் காணோம், லெட்டர்லயும் ஒண்ணும் காணோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சந்தானம், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. என் தீர்ப்பு விசாலாக்ஷிக்கே.