ஆடுகளுக்கு நான் விட்ட இருபத்து நான்கு மீட்டர்

என் தப்பை நான் ஒப்புக்கொள்வதற்கு எட்டு ஆடுகள் வர வேண்டியிருந்தது.

மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதத்துக்கு ஏ வாங்கிவிட்டு, தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. புக்கிட் செலம்பாவில் என் மாமா பயற்றங்காய் போட்டிருந்தார். கோயில் திருவிழா அன்னதானத்துக்கு அவ்வளவு காயையும் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆடுகளைத் தடுக்க வேலி போட வேண்டும். ஆனால் சாய்வாக ஓடிய ஒரு பக்கம் முழுக்க முட்புதர். டேப் பிடிக்க வழியில்லை.

"முள்ளுக்குள்ள எதுக்கு மாமா எறங்கணும்? மத்த பக்கத்த அளந்து, நாலு மூலைக்கும் ஆயத்தொலை குறிச்சா போதும் லா" என்றேன். (ஆயத்தொலை என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பார்.)

தண்ணீர்க் குழாய் இருந்த மூலை (0,0). மற்றவை (30,0), (30,40), (0,24). முதல் பக்கம் முப்பது மீட்டர், அடுத்தது நாற்பது. முட்புதர்ப் பக்கத்துக்குக் குறுக்கே முப்பது, மேலே பதினாறு. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தேன். முப்பத்து நான்கு! முள் குத்தாமலே முட்புதரை அளந்த பெருமையில் கத்தினேன்: "மொத்தம் நூத்தி நாலு மீட்டர், மாமா!"

"சரியா இருக்குமா, பாப்பா?"

"மாமா, நான் ஏ லா!"

கம்பிவலை வந்தது. குழாயடியில் தொடங்கி, புதரை வெட்டி, நான்காவது மூலை வரை கட்டினார்கள். வலை தீர்ந்தது. அங்கிருந்து குழாயடி வரை லாரி நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது.

"நீங்க இழுத்துக் கட்டல மாமா" என்றேன், கொஞ்சமும் கூசாமல். பாவம், மனிதர் மொத்தத்தையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். அரை மீட்டர்கூட மிஞ்சவில்லை.

மறுநாள் காலை அத்தை போட்ட சத்தத்தில் ஓடினோம். எட்டு ஆடுகள் கொடிகளை மொட்டையடித்துவிட்டு அசை போட்டுக்கொண்டிருந்தன. அப்போதுதான் நோட்டைப் பிரித்தேன். சூத்திரமே தேவைப்படாத கடைசிப் பக்கத்தை நான் கூட்டவே இல்லை.

மாமா திட்டவில்லை. அன்னதானப் பந்தியில் பயற்றங்காய் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம், "பாப்பா மூணு பக்கம் சரியாத்தான் போட்டுச்சு" என்று எனக்காகப் பரிந்து பேசினார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

பல வருடம் கழித்து என் கல்யாணம். கணவரின் கையைப் பிடித்து அக்கினியை வலம் வரத் தொடங்கினேன். முன்வரிசையிலிருந்து மாமாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

"பாப்பா, கெளம்புன எடத்துக்கே வந்து சேரணும் லா!"