எக்‌ஷன் காக்காவின் ஏழு இங்கிலிஷ் சொற்கள்

இங்கிலிஷில் லட்சக்கணக்கான சொற்கள் இருக்கின்றனவாம். அவற்றில் ஏழே ஏழு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டையும் ஒரு கந்தோரையும் ஆட்டிப்படைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கல்முனைக்குடியில் இருக்கிறார். எங்கள் அரசாங்கக் கந்தோரில் பைல் காவித் திரிந்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்த பியோன். சம்பளப் பட்டியலில் அவருக்கு என்ன பெயர் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவருடைய ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எல்லாருக்கும் அவர் எக்‌ஷன் காக்கா!

பள்ளிக்கூடத்தில் அவர் இங்கிலிஷ் படித்ததில்லை. மேசைக்கு மேசை பைல் காவும்போது, ஓரங்களில் பெரியவர்கள் கிறுக்கியிருந்த குறிப்புகளைப் பார்த்தே படித்தவர். அந்தக் குறிப்புகளில் பூவும் நிலாவுமா இருக்கும்? ரிக்குவெஸ்ட், ரிமைண்ட், பர்சுவேட், அர்ஜ், ஒபே, கொம்ப்ளை, எக்‌ஷன். இவ்வளவுதான்.

நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள், ஓரத்தில் ரிக்குவெஸ்ட் என்று எழுதிய ஒரு பைலை அடுக்கின் மேலே வைத்தேன். காக்கா பாய்ந்து வந்து எடுத்து அடியில் செருகினார்.

"தங்கச்சி, ரிக்குவெஸ்ட் எண்டா கெஞ்சிற. அத ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. ரிமைண்ட் எண்டா ரெண்டாந்தரம் கெஞ்சிற. பர்சுவேட் எண்டா தோள்ல கைபோட்டுக் கதைக்கிற. அர்ஜ் எண்டா புடரியில கைவெச்சித் தள்ளுற. கொம்ப்ளை வந்திட்டா எழும்பி ஓடுங்க!"

நான் பட்டதாரி. விடுவேனா? "அர்ஜ் எண்டா வற்புறுத்திற காக்கா" என்றேன்.

"அதத்தானே நானும் சொன்னன். கைய எங்க வெக்கிற எண்டும் சேத்துச் சொன்னன்."

பஸ் நிற்காமல் போனால் "ரிமைண்ட்! ரிமைண்ட்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுவார். ஒரு பகல் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கதிரையில் இருந்தபடியே குசினிப் பக்கம் பார்த்து "தங்கச்சிக்கு டீ. அர்ஜ்!" என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "நோ எக்‌ஷன்!" காக்காவுக்கு ஒரே பெருமை. "பாத்தியளா? என்னக் கேட்டே படிச்சிட்டா" என்று சொல்லிவிட்டு, தானே எழும்பிப் போய் டீ ஊற்றிக்கொண்டு வந்தார்.

தம்பிலுவில் பக்கத்திலிருந்து பரமேஸ்வரி அக்கா என்றொருவர் புதன்கிழமை தவறாமல் கந்தோருக்கு வருவார். வெள்ளத்தில் அவர்கள் ஊர் ஆற்றுப் பாலம் உடைந்து இரண்டு மாரிக்காலம் போய்விட்டது. பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடம் போனார்கள். அவருடைய மகளைப் பிரசவத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு கடந்திருந்தார்கள். பாலத்தின் பைல் மட்டும் எங்கள் அலுமாரியில் ஈரம் படாமல் சுகமாக இருந்தது.

"இந்தக் கிழமையும் இல்லையா காக்கா?" என்று கேட்பார்.

"ரிமைண்ட் போட்டிரிக்கி புள்ள."

ஒரு புதன்கிழமை காக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டு அறைக்குள் போய் நின்றுகொண்டார். "அர்ஜும் போட்டாச்சி தங்கச்சி. இனி என்னட்டச் சொல்லு இல்ல" என்று பின்னால் போன என்னிடம் சொன்னார். என்னிடம் ஒரு பட்டம் நிறையச் சொற்கள் இருந்தன. அடுத்த புதன் வரச் சொல்லி அக்காவை அனுப்பினேன்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். தமிழ் தெரியாதவர். "கேட்டால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும்" என்று டிரெக்டர் எங்களுக்குக் கட்டளை போட்டிருந்தார். நாங்கள் சுவரோடு சுவராக நின்றோம். காக்கா டீத்தட்டோடு உள்ளே வந்தார். பார்த்தால், கோப்பைக்கு அடியில் பாலத்தின் பைல்!

"சேர்! பீப்பிள் ரிக்குவெஸ்ட். வீ ரிமைண்ட். வீ அர்ஜ். நோ எக்‌ஷன்!" காக்கா மூச்சு வாங்கினார். "பீப்பிள் ஒபே, சேர். ரிவர் நோ ஒபே!"

டிரெக்டரின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. அதிகாரி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு பைலைத் திறந்தார். கடைசிப் பக்கம்வரை படித்தார். படித்து முடித்து எழும்பினார். அவர் எழும்பியதுதான் தாமதம், "எக்‌ஷன்!" என்று கத்திக்கொண்டு காக்கா ஓடிப்போய் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தார்!

நானும் பைலோடு பின்னால் தொற்றிக்கொண்டேன். ஆற்றங்கரையில் அதிகாரி தயங்கினார். காக்கா களிசானைச் சுருட்டிக்கொண்டு, அவருடைய பளபளத்த சப்பாத்தைக் காட்டி, "கொம்ப்ளை, சேர்" என்றார். அந்த மனிதர் சத்தியமாகச் சப்பாத்தைக் கழற்றினார்! இருவரும் தோளில் கைபோட்டபடி இடுப்பளவு தண்ணீரில் போய்க் கரையேறினார்கள். அங்கே பரமேஸ்வரி அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்கிறார், அழுகிறார், இரண்டையும் ஒன்றாகச் செய்கிறார். திரும்பும்போது காக்கா என் காதில் சொன்னார்: "ஏழாவது சொல்லு மிச்சமாக் கிடந்த. அதுதான் பர்சுவேட்."

அடுத்த மாரிக்கு முன் பாலம் எழும்பிவிட்டது. அதற்கிடையில் டிரெக்டரின் கடிதமும் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் மேலதிகாரியோடு கதைத்ததற்கு விளக்கம் கேட்டு, ஒரு பக்கம் முழுக்க இங்கிலிஷில். காக்கா ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. தூர இடத்துக்குத் தூக்கி அடித்தால் என்ன செய்வது? நான் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டு அழகாக ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு டிரெக்டரின் கடிதத்து ஓரத்திலேயே தன் கையால் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பிவிட்டார்.

"நோட்டட்."

அவருடைய ஏழிலும் இல்லாத சொல். எந்தக் கடிதத்துக்கும் ஒன்றும் செய்ய விருப்பமில்லாதபோது டிரெக்டர் எழுதுகிற சொல் அது! டிரெக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, நான் வேலைக்கு வந்து முதல் தடவையாக, சிரித்தார். அந்தக் கடிதம் மேசை லாச்சிக்குள் போனது. அதோடு சரி.

போன மாதம் கல்முனைக்குடிக்குப் போனேன். காக்காவுக்கு இப்போது முழங்கால் வருத்தம். என்னைக் கண்டதும் இங்கிலிஷ் ஒன்றும் வரவில்லை. "இரிங்க தங்கச்சி, சோறு திண்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

காரைதீவில் ஒரு கலியாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் கையைக் கழுவிவிட்டுச் சோற்றுக்கு முன்னால் வந்து இருந்தேன்.